எதிர்வீட்டு விளக்குகள்

லிஃப்ட் மெக்கானிக் எதிர்வீட்டுக் கதவைத் தட்டியபோது சாயங்காலம் நாலு மணி. அந்த வீட்டில் ரேடியோ ரிப்பேர் செய்துவந்த ரேடியோக்காரர் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அவர் மனைவிதான் கதவைத் திறந்தார்.

"அண்ணனோட கம்ப்யூட்டரும் விளக்குப் பெட்டியும் சும்மாதானே கிடக்குது அக்கா. இந்தக் கிறிஸ்துமஸுக்கு அவர் ஞாபகமா நான் போடறேனே."

சொன்னது பொய். ஆறு வருஷமாக இருவரும் அவரவர் வீட்டு முகப்பில் விளக்குகளைக் கம்ப்யூட்டரால் ஆட வைத்துவந்தார்கள். இவர் நாலாயிரம் பல்பு மாட்டுவார். ரேடியோக்காரர் அதில் பாதிகூட மாட்டமாட்டார். ஆனால் கூட்டம் அங்கேதான் நிற்கும். இவருக்கு வயிறு எரியும். சாவு வீட்டில் தலைமாட்டில் நின்றபோதுகூட, இனி தெரு நமக்குத்தான் என்றுதான் மனசு சொன்னது.

அக்கா இரண்டையும் துடைத்துக் கொடுத்தார். "கம்ப்யூட்டர்ல விளக்காட்டத்துக்கு அவர் எழுதி வெச்சதை மட்டும் அழிச்சிடாதீங்க தம்பி."

வீட்டுக்கு வந்ததும் அதைத்தான் முதலில் அழித்தார்.

டிசம்பர் இருபத்துநாலு. இருட்டத் தொடங்கும் நேரம். பட்டனை அழுத்தினார். சிவப்பும் நீலமும் முகப்பெங்கும் அலை அலையாய் ஓடின. ஒரு பல்பு பிசகவில்லை. தெருவில் ஆட்கள் சேரும் சத்தம் கேட்டது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

எல்லோரும் அவருக்கு முதுகு காட்டி நின்றார்கள்.

எதிர்வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே வெறும் சுவர், மூடிய ஜன்னல். ஈயம் பற்றவைக்கிற வாசனை மட்டும் லேசாக வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் ஸ்பீக்கரில் ஓடிய பாட்டுக்கு அந்தத் தாளம் சேரவில்லை.

கூட்டத்தில் மெக்கானிக்கின் மனைவியும் நின்றாள்.

"என்னத்தைப் பார்க்கிற?"

"பேசாம இருங்க." அவள் கண்ணை எடுக்கவில்லை. "இவ்வளவு அழகா அவர் போட்டதே இல்ல."

ஓடிப்போய்த் தன் வீட்டு மெயினை அணைத்தார்.

யாரும் திரும்பவில்லை.

தெருவைக் கடந்து எதிர்வீட்டுக் கதவைத் தள்ளினார். இருட்டு ஹாலில் அக்கா தனியாக உட்கார்ந்திருந்தார். அக்காவின் முகத்தில் மஞ்சள் ஏறியது, மெல்லப் பச்சையானது, அடங்கியது. மறுபடி ஏறியது. அந்த வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்று தெரியவில்லை.

"அழிச்சிட்டீங்களா தம்பி?" குரலில் கோபம் இல்லை. "பரவாயில்ல. அவருக்கு எல்லாம் மனப்பாடம்."

மெக்கானிக் ஜனவரியிலேயே வேறு ஊருக்கு வீடு மாற்றிவிட்டார். எதிரே வீடே இருக்கக் கூடாது என்று தேடிப் பிடித்தார். வாசலுக்கு நேரே காலி மனை, முள்கம்பி, அவ்வளவுதான்.

குடிபோன மூன்றாம் நாள் பொழுது சாய்ந்தது. மனைவி ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் வாசலில் போட்டு உட்கார்ந்தாள்.

"அங்க என்ன இருக்கு?" என்றார்.

அவள் காலி மனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கன்னத்தில் சிவப்பு ஏறி, மெல்ல நீலமானது.