சுமை இறக்குமிடம்

ஆண்டாளின் புருவத்தில் புளியம்பழ ஓட்டுத் தூள் விழுந்தது. காலை பதினோரு மணி. சாலையைப் பார்த்த வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கழுத்துப் பட்டையின் இறுக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மேலே இருப்பது காங்கிரீட் தளம். வீட்டில் புளி என்று இருப்பதே சமையற்கட்டு டப்பாவில் ஒரு கைப்பிடிதான். தூளை விரலால் துடைத்து முகர்ந்தாள். மலைப்புளி. கல்வராயன் மலையிலிருந்து இறங்குகிற மூட்டைகளின் வாசனை, அதோடு யாருடைய வியர்வையோ, மென்று துப்பிய வெற்றிலையோ, பக்கத்தில் ஒருவர் நின்று இளைப்பாறுவது போல. அப்புறம் அவளுடைய உச்சந்தலை மெதுவாக அமுங்கியது.

இருபத்திரண்டு வருஷம் வடக்கனந்தல் பக்கத்துக் கொல்லைகளில் கரும்புக் கட்டைத் தலையில் தூக்கி லாரியில் ஏற்றியவள் அவள். எடைத் தராசு பொய் சொன்னாலும் அவள் உச்சி சொல்லாது. கடைசியில் கழுத்தெலும்புகளுக்கு நடுவே இருந்த டிஸ்க் நசுங்கி, விரல்கள் மரத்து, சோற்றை வாய்க்குக் கொண்டு போக முடியாமல் போயிற்று. பன்னிரண்டு நாளைக்கு முன் காப்பீட்டு அட்டையை வைத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் தொண்டைப் பக்கமாகத் திறந்து செயற்கை டிஸ்க் பொருத்தினார்கள். மேலெலும்பில் இரண்டு ஸ்க்ரூ, கீழெலும்பில் இரண்டு.

"எலும்பு வளந்து அதக் கவ்வுற வரைக்கும் ஸ்க்ரூதாம்மா காவல்," என்றார் டாக்டர். "தலையில ஒரு சொம்புத் தண்ணிகூட வெக்காதீங்க. டிஸ்க் பின்னால நழுவுச்சுன்னா கை கால் போயிடும்."

நான்காம் நாள் தன் ஜாக்கெட் ஊக்கைத் தானே மாட்டியபோது ஆண்டாள் அழுதுவிட்டாள். அந்த விரல்கள் அவளுக்கு வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

தலையில் வந்த பாரம் பதினைந்து கிலோ இருக்கும். வெற்றிலை மடித்துப் போடுகிற நேரம் இருந்தது. பிறகு யாரோ தூக்கிக்கொண்டார்கள். பட்டைக்குள்ளே, தொண்டைக்குப் பின்னால், டிக் என்று ஒரு சத்தம்.

மாத்திரை மயக்கம் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் அதே நேரத்துக்குப் பச்சை விறகின் வாசனை வந்தது, இருபது கிலோ. மதியம் சாமை மூட்டை. ஒவ்வொன்றும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போயிற்று. கண்ணாடியில் எதுவும் தெரியவில்லை, உச்சி முடி மட்டும் வட்டமாகப் படிந்திருந்தது. மூன்றாம் நாள் தாங்க முடியாமல் புருஷனைக் கூப்பிட்டாள். முனியன் ஊர்ப் பண்ணையொன்றில் டிராக்டர் ஓட்டுகிறவன். சாலை மறியலால் வேலை இல்லாமல் வீட்டில் இருந்தான்.

"தலையில யாரோ பாரத்த எறக்கி வெக்கிறாங்க."

"மருந்து சூடு. அப்டித்தான் இருக்கும்."

"மருந்து சூட்டுல புளி வாசன வருமா? ஆஸ்பத்திரிக்குப் போவணுங்க."

"எப்டிப் போறது? இட ஒதுக்கீடு கேட்டு மறியல் பண்ணிக்கினு கீறாங்க. ரோட்டுல மரமும் கல்லும் போட்டுக் கெடக்குது."

"மரம் சரி. கல்லு ஏது?"

முனியன் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். அவன் முகத்தைப் பார்க்க அவளால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

"மலைப்பாதை ஓரத்துல இருந்துச்சே, சுமதாங்கி. அதத்தான் டிராக்டர்ல கட்டி இஸ்துகினு வந்தோம். இந்தக் காலத்துல யாரு தலச்சுமையா நடந்து வராங்க? மூணு துண்டா ஒடஞ்சி போச்சு."

அந்தக் கல்லை ஆண்டாளுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு பலகைக்கல், நெஞ்சுயரம். துணைக்கு ஆளில்லாமல் நடக்கிறவர்கள் தலைச்சுமையை அதில் சரித்து மூச்சு வாங்கிக்கொள்வார்கள். வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன ஒருத்தி பேரில் நட்ட கல். அவளால் இறக்க முடியாத பாரத்துக்காக ஊர் பாரமாவது அங்கே இறங்கட்டும் என்று நடுவது வழக்கம். ஆண்டாள் கண்ணெதிரே நீண்ட சாலையைப் பார்த்தாள். இந்த வழியில் இப்போது நெஞ்சுயரத்தில், நிமிர்ந்து, அசையாமல் இருப்பது நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற அவள் தலை ஒன்றுதான்.

"என்ன உள்ள தூக்கிகினு போங்க," என்றாள்.

அவன் அவளை நடத்திக் கட்டிலில் உட்கார வைத்து, கதவைச் சாத்திவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தான். இரண்டு பக்கமும் அடைத்திருக்கிறது, சங்கராபுரம் சுற்றி வரவேண்டும், நேரமாகும் என்றார்கள். அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே அறைக்குள் வாசனை வந்தது. மஞ்சள். ஈரப் பழந்துணி. பிள்ளை பெற்ற வீட்டின் சூடான, புளித்த வாசனை.

பாரம் இறங்கியது.

வெற்றிலை மடிக்கிற நேரம் போயிற்று. சுருட்டு புகைக்கிற நேரமும் போயிற்று. யாரும் எடுக்கவில்லை.

இது மூட்டை இல்லை. மூட்டைக்குச் சூடு கிடையாது.

டிக். ஒரு ஸ்க்ரூ.

"எடுத்துக்கம்மா," என்றாள் ஆண்டாள். குரல் காற்றாக வந்தது. "இது கல்லு இல்லம்மா. என் கழுத்து."

டிக்.

அது புரண்டது.

சுண்டு விரல் முதலில் போயிற்று. பிறகு மோதிர விரல். தொடையில் கிடந்த கையைப் பார்க்க முடிந்தது, அது தன்னுடையது என்று தெரியவில்லை.

"தலையில கீது. எறக்கி வுடுங்க. சீக்கிரம்."

முனியன் போனைப் போட்டுவிட்டு வந்தான். பைத்தியத்தைச் சமாதானம் செய்கிறவன் போலத்தான் இரண்டு கைகளையும் அவள் தலைக்கு மேலே கொண்டு போனான். ஒரு சாண் உயரத்தில் கைகள் நின்றுவிட்டன. அதற்குக் கீழே இறங்கவில்லை. விரல்கள் எதையோ சுற்றி வளைந்தன. உள்ளிருந்து ஒரு உதை. அவனுடைய உள்ளங்கை துள்ளிய சத்தம் அவளுக்குக் கேட்டது.

"தூக்குங்க."

தூக்கினான். கழுத்துப் பட்டை தாடையை விட்டு விலகியது. தொண்டைக்குள் தையல் இழுபட்டது.

"வரலடி," என்றான். "உன் தலையும் சேந்து வருது."

"அப்ப வுட்டுடுங்க."

"வுட்டா மொத்தமும் உம்மேல எறங்கிடும்."

டிக்.

அவன் கட்டிலருகே கைகளை உயர்த்தியபடி நின்றான். தூக்கவும் இல்லை, விடவும் இல்லை. வெளியே சாலையில் ஒரு வண்டிச் சத்தமும் கிடையாது. அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவே, வெறும் காற்றில், அது வசதியாகத் திரும்பிப் படுத்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் முனியனின் கைகள் நடுங்கத் தொடங்கின.