நாற்பத்தொன்றாம் எண் கத்தி

இருசம்மாள் கடைக்குள் வந்தபோது அவளுடைய வலது கையில் முழங்கை வரை கட்டு இருந்தது. இடது கையில் ஒரு கடிதம் இருந்தது. இரண்டில் எது அதிகம் வலிக்கிறது என்று கேட்டிருந்தால் கடிதத்தைத்தான் காட்டியிருப்பாள். அவள் கணவன் வேடியப்பன் செருப்பை வெளியே விட்டுவிட்டுப் பின்னால் வந்து நின்றான்.

அது ஜீனத்துன்னிசாவின் கத்திக் கடை. கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் முப்பது வருஷமாக இருக்கிறது. தையல்காரரின் கத்தரிக்கோல் முதல் கசாப்புக் கடைக் கத்தி வரை எல்லாம் அங்கேதான் சாணைக்கு வரும். கத்தியைப் பார்த்தே அது என்ன வேலை செய்தது என்று அந்த அம்மாள் சொல்லிவிடுவார் என்பதால் காவல் நிலையத்திலிருந்துகூட ஆள் வருவதுண்டு. அப்படி வந்துபோன ஏட்டு மாயவன், ஓய்வு பெற்ற பிறகு தினமும் வந்து உட்கார ஆரம்பித்துவிட்டார். பத்திரிகை படிக்க வருவதாகச் சொல்லிக்கொள்வார். உண்மையில் வழக்கு ஏதாவது வராதா என்றுதான் வருவார்.

"மலைமேலருந்து வரோங்க" என்றாள் இருசம்மாள். "சங்கத்துல எல்லாருக்கும் கமாண்டோ கத்தின்னு மடக்குக் கத்தி குடுத்தாங்க. கடுக்கா முத்திடுச்சான்னு ஒண்ண பொளந்து பாத்துக்கினு இருந்தேன். கொட்டையில கத்தி மாட்டிக்கிச்சு. மேலயும் கீழயும் ஆட்டனேன். பொசுக்குனு மடங்கிடுச்சு. ரெண்டு வெரலும் இனிமே மடங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

கடிதத்தை மாயவன் வாங்கி உரக்கப் படித்தார். கடுக்காய், தேன் சேகரிப்போர் சங்கத்தின் செயலாளர் சின்னராசு எழுதியது. "உறுப்பினர் இருசம்மாள் கத்தியை முழுமையாகத் திறக்காமல் கவனக்குறைவாகக் கையாண்டதே காயத்துக்குக் காரணம். கத்தி எண் 41, அன்றே மருத்துவமனையில் அவர் கணவரிடமிருந்து என்னால் நேரில் பெறப்பட்டு, என்னிடம் மட்டுமே பூட்டில் உள்ளது. சோதித்ததில் பழுது ஏதுமில்லை. பொய்ப் புகார் கூறியதால் உறுப்பினர் அட்டை ரத்து செய்யப்படுகிறது."

"இத சங்கத்துல எல்லார் முன்னாடியும் படிச்சாருங்க" என்றான் வேடியப்பன். "அட்ட இல்லாம செக்போஸ்ட்ல காட்டுக்குள்ள வுட மாட்டாங்க. கடுக்கா காலம் இன்னும் பாதி இருக்குது. கட்டு பிரிச்சா ஒத்தக் கையாலயாச்சும் பொறுக்கும். பொய்க்காரின்னு பேரு வந்திடுச்சே."

மாயவனுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. விரலும் போய், வேலையும் போய், பட்டமும் சூட்டியிருக்கிறார்கள். முப்பத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் எத்தனையோ திருடர்களைப் பார்த்தவர் அவர். அடிபட்டவளையே குற்றவாளியாக்கிய கடிதத்தை இவ்வளவு சுத்தமான கையெழுத்தில் பார்த்ததில்லை.

ஜீனத்துன்னிசா கடிதத்தைவிட இருசம்மாளின் இடது கையை அதிக நேரம் பார்த்தார். நகக்கண்கள் எல்லாம் மை கொட்டியதுபோல் கறுத்திருந்தன.

"இந்தக் கறுப்பு எப்டிம்மா வந்திச்சு?"

"கடுக்கா வெட்டறப்ப வர்றதுதாங்க. சோப்பு போட்டாலும் போவாது."

"அன்னிக்கு எத்தினி பேருக்குக் கத்தி குடுத்தாங்க?"

"அறுவது பேருக்குங்க."

"அப்ப இன்னும் அம்பத்தொம்பது பேரு கையில அது இருக்குது" என்றார் ஜீனத்துன்னிசா. "ஏட்டய்யா, நாளைக்கு புதன்கிழம. சங்கத்துல கடுக்கா எட போடற நாள். எல்லாரும் இருப்பாங்க. அந்த வைஸைக் கழட்டி எடுத்துக்குங்க."

சாமானை இறுக்கிப் பிடிக்க மேசையில் முடுக்கியிருந்த அந்த இரும்புப் பிடி ஒரு குழந்தையின் எடை இருக்கும். மறுநாள் காலை ஜீப்பில் மலை ஏறும்போது அதை மடியில் வைத்துக்கொண்டு, கொண்டை ஊசி வளைவுதோறும் இடி வாங்கினார் மாயவன்.

"ஸ்டோர்ல ஒரு பொண்ணு இருக்குதாம், அம்சவள்ளின்னு. கத்திக்கு சிவப்பு நெயில்பாலிஷ்ல நெம்பர் எழுதிக் குடுத்ததே அதுதானாம். அதான் எதையோ மாத்தியிருக்கும் பாயம்மா."

"கத்தியப் பாக்காம ஆள எதுக்குப் பாக்கறீங்க?" என்றார் ஜீனத்துன்னிசா. பையிலிருந்து ஒரு மடக்குக் கத்தியை எடுத்துத் திறந்தார். "இதுக்கு உசுரு அலகுல இல்ல, கீல்லதான் இருக்குது. தொறந்ததும் உள்ளார ஒரு தகடு நகந்து வந்து அலகோட அடியில முட்டுக் குடுக்கும். தகடு கெட்டியா இருந்து, முழுசா உக்காந்தா நல்ல கத்தி. மெல்லிசா இருந்து, ஓரமா தொட்டுக்கினு நின்னா, அது என்னிக்கோ ஒரு நாளு கையைக் கடிக்கும். வெளிய ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும்."

சங்கக் கட்டடத்தின் முன்னால் மூட்டைகளோடு ஐம்பது பேருக்கு மேல் இருந்தார்கள். துணைத் தலைவி லட்சுமியம்மாள், மலைக்காரி, தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். செயலாளர் சின்னராசு மலைக்குக் கீழே நைனார்பாளையத்துக்காரர். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையோடு வந்து, கேட்பதற்கு முன்பே கத்தியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பிடியில் சிவப்பாக 41 என்று எழுதியிருந்தது.

"நல்லா பாருங்க பாயம்மா. பளபளன்னு இருக்குது. மூணு மாசம் கடுக்கா வெட்டின கத்தியா இது? ஒரு கறை உண்டா? இந்தம்மா வேலையே செய்யல. வூட்ல கத்திரிக்கா நறுக்கிக்கினு கைய அறுத்துக்கினு, பழிய சங்கத்து மேல போடுது. இவங்களுக்கு அரிவாள் புடிக்கத்தான் தெரியும். ராணுவ மாடல் கத்தி குடுத்தது நம்ம தப்பு."

கூட்டத்தில் சிலர் தலை குனிந்தார்கள். மாயவன் வாயைத் திறந்தார், ஜீனத்துன்னிசா கையமர்த்தினார்.

அவர் கத்தியைத் திறந்தார். 'டக்' என்று கனமான ஒலி. அலகை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தார், அசையவில்லை. பிடியில் அவருடைய கட்டைவிரல் லேசாக ஒட்டியது. விரலை முகர்ந்து பார்த்துவிட்டு முந்தானையில் துடைத்துக்கொண்டார். பிறகு வேடியப்பனின் கத்தியைக் கேட்டு வாங்கினார். எண் 40. அதே அச்சு, அதே பிடி. ஆனால் திறந்தால் தகரம் தட்டும் ஒலி, அலகு ஆடியது, வாயோரமெல்லாம் கறுப்பு.

"ரெண்டும் ஒரே சரக்குங்களா?"

"ஒரே கம்பெனி, ஒரே பில்" என்றார் சின்னராசு. "சித்திரையில கமிட்டி மூணு ரகத்த ஒப்பிட்டுப் பாத்து, இருவது கிலோ தொங்கவுட்டுத் தாங்கின ரகத்தத்தான் எடுத்தோம். லட்சுமியம்மாவே கையெழுத்து போட்டாங்க. அந்த மாதிரிக் கத்தி லேபிளோட பீரோவுல இருக்குது."

"அப்ப அதே சோதனைய இன்னொரு தபா செய்வோம்."

மாயவன் வைஸை மேசையில் முடுக்கினார். நாற்பத்தொன்றின் அலகை, வாய் கீழே பார்க்கும்படி அதில் பிடித்து, பிடியின் முனையில் தராசுக் கற்களைத் தொங்கவிட்டார்கள். ஐந்து, பத்து, இருபது கிலோ. அசையவில்லை. சின்னராசு சிரித்தார். அடுத்து வேடியப்பனின் கத்தி. ஐந்து கிலோவிலேயே தகடு நழுவி, பிடி சரேலென்று கீழே மடங்கியது. கூட்டத்திலிருந்து இன்னும் இரண்டு பேர் தங்கள் கத்தியை நீட்டினார்கள். அவையும் ஐந்திலேயே மடங்கின. அதில் ஒருவன் மறுவாரம் அந்தக் கத்தியோடுதான் தேன் பாறையில் கயிறு கட்டி இறங்குவதாக இருந்தான். அவன் தன் விரல்களைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"பெட்டியில நாலஞ்சு சோடை வரும்" என்றார் சின்னராசு. "அதுக்காக இந்தம்மா கத்தி சோடைன்னு ஆயிடுமா? அதான் தாங்குச்சே."

"ஒரு பச்சக் கடுக்கா குடுங்க" என்றார் ஜீனத்துன்னிசா.

நாற்பதின் அலகிலும் நாற்பத்தொன்றின் அலகிலும் ஓரிடத்தை உப்புத்தாளால் தேய்த்து வெளுப்பாக்கினார். இரண்டாலும் கடுக்காயை அறுத்து, சாறு வழிய ஒரு வெள்ளைத்தாள் மேல் வைத்தார். எல்லாருக்கும் தேநீர் வந்தது. அதைக் குடித்து முடிப்பதற்குள் நாற்பதின் சாறு மையாகிக் காகிதத்தில் இறங்கிவிட்டது. நாற்பத்தொன்றின் சாறு வெளிர் மஞ்சளாகவே இருந்தது.

"இது எவர்சில்வர் ரகம்" என்றார் அவர், நாற்பத்தொன்றைக் காட்டி. "வருசம் பூரா கடுக்கா வெட்டினாலும் கழுவி வெச்சா பளபளன்னுதான் இருக்கும். அதனால கறை இல்லன்னா வேல செய்யலன்னு அர்த்தம் இல்ல. மத்ததெல்லாம் வெறும் இரும்பு. இப்ப இந்தம்மா நகத்தப் பாருங்க. கடுக்கா சாறு மட்டும் பட்டா பழுப்பாத்தான் ஆவும். இரும்பும் சேந்தாத்தான் இந்த மை. மூணு மாசமா இவங்க வெட்டியிருக்காங்க. வெட்டுனது இந்தக் கத்தியால இல்ல."

இருசம்மாள் தன் இடது கையை மெதுவாக விரித்துப் பார்த்தாள். பக்கத்திலிருந்த பெண்களும் தங்கள் கைகளை விரித்தார்கள். எல்லாக் கையும் ஒரே கறுப்பு.

"அப்ப இது யாரு கத்தி?" என்றாள் லட்சுமியம்மாள்.

"மாதிரிக் கத்திய எடுத்துக்கினு வரச் சொல்லுங்க."

சின்னராசுக்கு சாவி உடனே கிடைக்கவில்லை. சட்டைப் பையில் இருந்ததை மாயவன்தான் எடுத்துக்காட்டினார். பீரோவிலிருந்து கத்தி வந்தது. அலகு புதிதாகத் தேய்த்ததுபோல் வெளுத்திருந்தது. பிடியில் வெள்ளை லேபிள், அதில் கமிட்டியின் கையெழுத்துகள். அதை வைஸில் பிடித்து ஐந்து கிலோ தொங்கவிட்டார்கள். மடங்கிவிட்டது.

"சித்திரையில இருவது கிலோ தாங்கின கத்தி" என்றார் ஜீனத்துன்னிசா. "பீரோக்குள்ள உக்காந்துக்கினே எளச்சிப் போச்சிங்களா?"

மாயவன் வாய்விட்டுச் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

ஈரத்துணியை லேபிள் மேல் வைத்து அழுத்திவிட்டுப் பேசினார் ஜீனத்துன்னிசா. "சங்கத்துக்கு வந்தது அறுவத்தொரு கத்தி. மாதிரி ஒண்ணுதான் நல்லது. மத்த அறுவதும் லாரிக்காரங்களுக்கு ரோட்டோரமா விக்கிற நகல். அந்த மாதிரி நகல் பத்து இருவது என் கடைக்கே ரிப்பேருக்கு வந்திருக்குது. இந்தம்மா கையறுந்ததும், தாங்கற கத்தி ஒண்ணக் காட்ட வேண்டியதாப் போச்சு. இருந்த நல்ல கத்தி ஒண்ணே ஒண்ணுதான். அதோட லேபிள உரிச்சிட்டு நாப்பத்தொண்ணுன்னு எழுதியாச்சு. பசை இன்னும் பிடியில ஒட்டுது. சரி, மாதிரி இருந்த எடம் காலியாச்சே, அங்க எத வைக்கறது? மீதி அம்பத்தொம்பதும் மெம்பருங்க கையில. பக்கத்துல இருந்தது ஒண்ணுதான்."

ஊறிய லேபிளை நகத்தால் உரித்தார். சுரண்டித் துடைத்திருந்தும், பிடியின் சொரசொரப்பான பள்ளங்களில் சிவப்பு நின்றிருந்தது. நான்கும் ஒன்றும் தெளிவாகத் தெரிந்தன. பக்கத்துக் கீலில் வேறொரு சிவப்பு காய்ந்து பழுப்பாகியிருந்தது. வேடியப்பன் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நெம்பர் எழுதறது அம்சவள்ளிங்க" என்றார் சின்னராசு அவசரமாக. "ஸ்டோரும் அது கையிலதான். அதத்தான் கேக்கணும்."

தராசுக்குப் பின்னால் கணக்குப் புத்தகத்தோடு நின்றிருந்த அம்சவள்ளிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஜீப்பில் தான் சொன்னதை நினைத்து மாயவனுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கமும் கோபமாகவே வெளியே வந்தது.

"இதோ பாருய்யா, உன் கடிதாசு" என்று அதை விரித்து நீட்டினார். "'அன்றே மருத்துவமனையில் அவர் கணவரிடமிருந்து என்னால் நேரில் பெறப்பட்டு, என்னிடம் மட்டுமே பூட்டில் உள்ளது.' நீ எழுதனது. ஆஸ்பத்திரியிலருந்து நேரா உன் கைக்கு வந்த கத்திய அந்தப் பொண்ணு எங்க தொட்டிச்சு? எதித்துக் கேக்க மாட்டாங்கன்ற தைரியத்துல ஒவ்வொருத்தர் தலையிலயா கட்டிக்கினு வரியா?"

"ஏட்டய்யா சொன்னதுதான் மிச்சம் இருந்தது" என்றார் ஜீனத்துன்னிசா.

சின்னராசு நாற்காலியில் உட்கார்ந்தார். "ரெண்டு வெரலுக்காக இவ்ளோ தூரம்..." என்று ஆரம்பித்து, எதிரே நின்றவர்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

யாரும் அவரை அடிக்கவில்லை. வேடியப்பன் தன் கத்தியை அவர் முன்னால் மேசையில் போட்டான். அடுத்தவன் போட்டான். பிறகு பெண்கள். வந்திருந்த எல்லாருடைய கத்தியும் அங்கே விழுந்து முடிய வெகு நேரம் ஆயிற்று. லட்சுமியம்மாள் பீரோச் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு, போலீஸுக்கு ஆள் அனுப்பினாள். தீர்மானப் புத்தகத்தைத் திறந்து, அம்சவள்ளியை எழுதச் சொன்னாள்: காயத்துக்குக் காரணம் சங்கம் கொடுத்த போலிக் கத்தி, இருசம்மாள் மேல் எந்தத் தவறும் இல்லை, அவர் சொன்னது அத்தனையும் உண்மை. ரத்தான அட்டையை எடுத்து நீட்டினாள்.

இருசம்மாள் கையை நீட்டவில்லை.

"என்னியப் பொய்க்காரின்னு எல்லார் முன்னாடியும் படிச்சது அவரு" என்றாள். "இதயும் அவரே படிக்கட்டும். அப்பறம் வாங்கிக்கிறேன்."

புத்தகத்தை சின்னராசு முன்னால் வைத்தார்கள். அவர் உட்கார்ந்தபடியே, புத்தகத்துக்கு மட்டும் கேட்கும்படி படித்தார்.

"எந்திரிச்சி நின்னு படிக்கச் சொல்லுங்க. பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல."

அவர் எழுந்து நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். தன் பெயர் வந்த இடத்தில் இருசம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். கடைசி வரி முடிந்ததும் இடது கையை நீட்டி அட்டையை வாங்கிக்கொண்டாள்.