ஏட்டில் மூன்று பேர்

2014 நவம்பர் 22, சனிக்கிழமை. நெவாடா மாநிலத்தின் தென்முனையில், தார்ச்சாலையிலிருந்து பதினோரு மைல் உள்ளே, மண்பாதை முடியும் இடத்தில் காலை 7.10க்கு ஒரே ஒரு வண்டி நின்றது. அதில் வந்தவர்கள் இருவர்: வெர்னா ஹாஸ்கெட், வயது 61; அவள் தம்பி டேல், 57.

டேலின் இதயத்தில் ஸ்டென்ட் வைத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. நான்கு குட்டிச் சிகரங்களை ஒரே நாளில் ஏறுவது அவன் பிடிவாதம். இருட்டுவதற்குள் அவனை வீட்டில் விடுவதாக அவன் மனைவி ஜோய்ஸுக்கு வெர்னா வாக்குக் கொடுத்திருந்தாள்.

முதல் சிகரத்தின் உச்சியில், கற்குவியலுக்குள், வழக்கமான சிவப்புத் தகர டப்பா இருந்தது. ஏறியவர்கள் தேதி, பெயர், எத்தனை பேர் என்று எழுதிவைக்கும் ஏடு அதற்குள். கடைசியாக வந்தவர் மார்ச் மாதத்தில் எழுதியிருந்தார். டேல் பென்சிலை நாக்கில் தொட்டு, '2 பேர்' என்று முடித்தான்.

"ஒண்ணாங்கிளாஸ் பையன் மாதிரி குண்டு குண்டா எழுதறே."

"உன் வயசுக்காரங்க படிக்க வேண்டாமா அக்கா?"

இறங்கும்போது காற்றே இல்லை. வெயிலில் காய்ந்த புதர்களின் தார் போன்ற வாசனையும், காலடியில் சரளை நழுவும் சத்தமும் தவிர அந்தச் சரிவில் வேறொன்றும் இல்லை. மூச்சு வாங்க இருவரும் நின்றார்கள், சரளை மட்டும் அவர்களுக்குப் பின்னால் நிதானமாக இன்னும் நான்கைந்து அடி நழுவிவிட்டு நின்றது. காட்டுக்கழுதையாக இருக்கும் என்று வெர்னா நினைத்துக்கொண்டாள். சரிவின் அடியில் இருந்த மணல் ஓடையில் கழுதைக் குளம்போ வேறு காலடியோ தென்படவில்லை.

இரண்டாவது சிகரத்தில் டப்பாவை அவள்தான் திறந்தாள். ஏட்டின் கடைசி வரியில் அன்றைய தேதி. வெர்னா, டேல். '3 பேர்.' குண்டு எழுத்து.

"போன வாரமே வந்து எழுதி வச்சுட்டுப் போனியா?"

"படி ஏறினாலே ஜோய்ஸ் கத்துறா. நான் எங்கேருந்து தனியா வர்றது?" அவன் சிரிக்கப் பார்த்தான். உதடு வெளுத்திருந்தது. ரப்பரால் மூன்றை அழித்துவிட்டு இரண்டு என்று எழுதினான்.

வந்த வழியே திரும்பினால் வண்டிக்கு நான்கு மைல். மூன்றாவது சிகரத்தைத் தாண்டி இறங்கினால் ஒன்றரை. அவன் நெஞ்சை எண்ணி வெர்னா குறுக்குவழியையே தேர்ந்தாள்.

"நாலாவது வேண்டாம். மூணோட வீட்டுக்கு."

"சரி, தாயே."

மூன்றாவதன் உச்சிக்குக் கீழே முப்பதடிப் பாறைப் பிளவு. டேல் முன்னால் போய்விட்டான் என்றுதான் அவள் நினைத்தாள். மேலே பூட்ஸ் உரசும் சத்தம் கேட்டது, பொடிமண் அவள் தொப்பியில் கொட்டியது. கடைசி விளிம்பில் பிடிமானம் கிடைக்காமல் அவள் தடுமாறியபோது மேலிருந்து ஒரு கை நீண்டது. வெயில் கண்ணில் அடித்ததால் கையை மட்டுமே பார்த்தாள். பற்றிக்கொண்டாள். வெயிலில் கிடந்த கல்லெல்லாம் சுட்டது. அந்தக் கை சில்லிட்டிருந்தது.

முழங்காலை ஊன்றி மேலே வந்தாள்.

"அக்கா." குரல் கீழேயிருந்து வந்தது. "கடைசியில எதைப் பிடிச்சு ஏறினே?"

உச்சியில் யாரும் இல்லை. டப்பா திறந்து கிடந்தது. ஏடு விரிந்திருந்தது. அன்றைய தேதி. வெர்னா. '1.'

"டேல், ஏறாதே. அங்கேயே நில்லு. நான் இறங்கி வர்றேன்."

"பாதி வந்துட்டேன். நீ நகர்ந்துக்கோ." அவன் அண்ணாந்து பார்த்தான். அவளைப் பார்க்கவில்லை. அவளுக்கு இடப்பக்கம் பார்த்தான். "பக்கத்துல நிக்கிறாரே, அவரைக் கை கொடுக்கச் சொல்லு."

அவள் இடப்பக்கம் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. அந்தப் பக்கத்துக் கன்னம் மட்டும் குளிர்ந்தது.

"அங்க யாரும் இல்லடா. கையை நீட்டாதே."

டேல் கையை நீட்டினான். விரல்கள் மூடின. வெறும் காற்றில். அவன் முகத்தில் நிம்மதி.

"ரொம்ப நன்றிங்க," என்றான்.

பூட்ஸ் இரண்டும் பாறையை விட்டு எழுந்தன. வெயில் கண்ணில் அடித்தது. அவள் இமைத்தாள்.

பிளவு காலி. அவன் தொப்பி மட்டும் கீழே உருண்டது. உடல் விழும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். கேட்கவில்லை. வடக்கே, நான்காவது சிகரத்தின் பக்கம், சரளை நழுவியது. நிதானமாக. இரண்டு ஜோடிக் கால்கள்.

தேடுதல் குழு ஒன்பது நாள் தேடியது. டேல் கிடைக்கவில்லை. நான்காவது சிகரத்தின் ஏட்டில் நவம்பர் 22 தேதியில் ஒரே ஒரு பதிவு இருந்தது. அந்தக் குண்டு எழுத்தை ஜோய்ஸ் அடையாளம் காட்டினாள்.

டேல் ஹாஸ்கெட். 2 பேர்.