முப்பது இதயங்கள்

கோடரிக்காரன் மூன்று மணிக்குப் பதிவு போட்டிருந்தான். அந்த நேரத்தில் வரலாற்று ஆசிரியை தேர்வு அறையில் மேற்பார்வையில் இருந்தாள். அவளுடைய போன் ஆசிரியர் அறை இழுப்பறைக்குள் பூட்டிக் கிடந்தது, சாவி அவள் இடுப்பில் இருந்தது. கோடரிக்காரன் என்று ஒருவன் உலகத்திலேயே கிடையாது. அவனைப் பெற்றெடுத்தவளே அவள்தான்.

பழைய நகரங்களில் தண்டனை எப்படி நடந்தது என்று பாடம் எடுத்தால் முதலாண்டு வகுப்பில் முப்பது பேரும் கொட்டாவி விட்டார்கள். புத்தகத்தைத் தொடாத விரல் போனையாவது தொடுமே என்று, சமூக வலைத்தளத்தில் கோடரிக்காரன் பெயரில் ஒரு கணக்கு தொடங்கினாள். முகத்தைத் துணியால் மூடிய ஒருவனின் ஓவியத்தை வைத்தாள். வாரம் ஒரு வழக்கை அவன் குரலில் எழுதுவாள். அந்தக் காலத்துச் சந்தையில் கூட்டம் கை தூக்கினால் கோடரி இறங்கும். இங்கே கைக்குப் பதில் இதயக் குறி. முப்பதும் விழுந்துவிட்டால் 'தீர்ப்பு நிறைவேறியது' என்று சிவப்பு மையில் ஒரு படம் போடுவாள். வகுப்பு விழித்துக்கொண்டது. கல்லூரி முதல்வரே கூப்பிட்டு மெச்சினார்.

அதோடு விட்டிருக்கலாம். யார் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை என்று தனியாகக் குறித்துவைக்கச் சோம்பல்பட்டு, இதயம் போட்டால்தான் வருகைப் பதிவு என்று ஒரு விதியையும் சேர்த்தாள். வருகை குறைந்தால் தேர்வு எழுத முடியாது. அன்றிலிருந்து ஒருவரும் வழக்கைப் படிக்கவில்லை. பதிவு வந்ததும் அழுத்தினார்கள், வேலையைப் பார்த்தார்கள். அவளுக்கு 'இதய மேடம்' என்று பட்டப்பெயர் விழுந்தது. அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

தேர்வு முடிந்து இழுப்பறையைத் திறந்து போனை எடுத்தபோதுதான் அந்தப் பதிவைப் பார்த்தாள். இன்றைய படத்தில் ஓர் ஆணின் வலது கை வெள்ளைத் தாள்களின்மேல் விரித்து வைக்கப்பட்டிருந்தது, கட்டைவிரல் நகத்தைச் சுற்றி மை கறுத்திருந்தது. 'கேள்வித்தாளைக் கசியவிட்டவன். கை' என்று கீழே எழுதியிருந்தது. இருபத்தொன்பது இதயங்கள் விழுந்திருந்தன. கடவுச்சொல் தெரிந்த இன்னொருத்தி அவளுடைய தங்கை மட்டுமே. அப்பா அம்மா போனபிறகு அவள் வளர்த்த பிள்ளை, இப்போது அதே வகுப்பில் படிக்கிறாள். வீட்டில் அக்கா, வகுப்பில் மேடம். இருவரும் சேர்ந்து வீட்டுக்குப் போவதற்காகத் தங்கை மேல்மாடி வகுப்பறையில் காத்திருந்தாள். ஆசிரியை அவளைப் போனில் அழைத்தாள்.

"என்னடி சின்னவளே, வால் முளைச்சிருச்சா? யாரைக் கேட்டு போஸ்ட் போட்ட?"

"நான் போடலக்கா. நீதான் போட்டிருக்கன்னு நினைச்சேன். இரு, நான் இன்னும் அட்டெண்டன்ஸே போடல."

"என்ன எழுதியிருக்குன்னு படிச்சியா?"

"அதையெல்லாம் யாருக்கா படிக்கிறா? போட்டாச்சு."

முப்பது. மழை கூரையை அடித்துக்கொண்டிருந்தது, மாணவர்கள் கலைந்துபோன தாழ்வாரத்தில் நனைந்த சுண்ணாம்பின் வாடையும் பழைய காகித வாடையும் கலந்து நின்றன, அந்தச் சத்தத்துக்கு நடுவே கீழ்க்கோடியிலிருந்து தாள் வெட்டும் இயந்திரத்தின் நீண்ட கைப்பிடி மேலே எழும் கிறீச்சென்ற ஒலி, எண்ணெய் காணாத கதவைப்போல, மெதுவாக, மிக மெதுவாக வந்தது. பிறகு அது இறங்கியது. பிறகு ஒரு மனிதன் கத்தினான்.

நகல் எடுக்கும் அறைக்கு அவள்தான் முதலில் போய்ச் சேர்ந்தாள். அங்கே நகல் எடுத்துக் கொடுப்பவர், எல்லோரும் காப்பி அண்ணன் என்று கூப்பிடுகிறவர், தரையில் உட்கார்ந்து மணிக்கட்டை வயிற்றோடு அழுத்திக்கொண்டிருந்தார். சட்டை முழுக்க இரத்தம். கை மேலே, வெட்டும் பலகையில், தாள்களின்மேல் விரித்தபடி இருந்தது. கட்டைவிரல் நகத்தைச் சுற்றி மை.

"நான் அமுக்கலம்மா," என்றார் அவர். பல் கிட்டிப்போயிருந்தது. "யாரோ என் கையைப் பிடிச்சு வச்சாங்க. நிறைய கைம்மா. சின்னச் சின்ன கையா. புள்ளைங்க கை மாதிரி."

முந்தானையைக் கிழித்து இறுக்கிக் கட்டினாள். காவலாளி அவரைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் பறந்தார். அவள் வாசலில் நின்றாள், விரலிடுக்கெல்லாம் பிசுபிசுத்தது. போன் அதிர்ந்தது.

தீர்ப்பு நிறைவேறியது.

அதற்குமேல் ஒரு புதிய பதிவு. ஒரு பெண்ணின் பின்கழுத்து. பின்னல் முன்பக்கம் விழுந்திருக்கிறது. காதோரம் பச்சை கிளிப், இன்று காலை தங்கைக்கு அவளே குத்திவிட்டது. பின்னால் மேல்மாடி வகுப்பறையின் உடைந்த ஜன்னல்.

'வழக்கைப் படிக்காமலே தீர்ப்புச் சொன்னவள். கழுத்து.'

ஒன்பது இதயங்கள்.

பதிவை நீக்கினாள். திரும்பி வந்தது. பதினான்கு. கணக்கையே அழிக்கப் பார்த்தாள். இரத்தத்தில் விரல் வழுக்கியது, கடவுச்சொல் தவறு என்றது. வகுப்புக் குழுவில் எழுதினாள்: 'யாரும் அழுத்தாதீங்க. அது நான் போட்டதில்ல. தயவுசெஞ்சு அழுத்தாதீங்க.'

எழுதி முடித்த மறுநொடி அதன் கீழேயே இதயங்கள் விழத் தொடங்கின. அவள் எதை எழுதினாலும் இதயம் போடத்தான் அவள் பழக்கியிருந்தாள். வரிசையாக விழுந்தன. 'உள்ளேன் மேடம்' என்றான் ஒருவன். 'உள்ளேன் மேடம்.' 'மேடம், ரெண்டுக்கும் போட்டுட்டேன், ரெண்டு அட்டெண்டன்ஸா?'

பதிவில் இருபத்திரண்டு.

தங்கையை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. ஓடினாள். முதல் படிக்கட்டில் செருப்பு கழன்றது. இரண்டாவதில் முழங்கால் பிளந்தது. வலி தெரியவில்லை. இருபத்தாறு. எங்கெங்கோ வீடுகளில், பேருந்துகளில், கடை வாசல்களில் நல்ல பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இருபத்தெட்டு. கடைசியாகப் போடுகிறவள் எப்போதும் சின்னவள்தான். வீட்டிலேயே மேடம் இருக்கும்போது என்ன அவசரம் என்பாள். அந்தச் சோம்பேறித்தனத்துக்காக எத்தனை முறை திட்டியிருப்பாள்.

இருபத்தொன்பது.

வகுப்பறைக் கதவு திறந்திருந்தது. விளக்கு இல்லை. கடைசி பெஞ்சில் தங்கை முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். காதில் பாட்டு. பச்சை கிளிப். பின்கழுத்து வெள்ளையாகத் தெரிந்தது. அவளைச் சுற்றி இருட்டு நெருக்கமாக இருந்தது, ஆள் நிற்கிற இருட்டு.

"சின்னவளே. போனைக் கீழ வை."

தங்கை ஒரு காதுக் கருவியைக் கழற்றினாள். திரும்பவில்லை.

"கத்தாதக்கா. நீ கூப்பிட்டதப் பாத்தேன். அட்டெண்டன்ஸுக்குத்தானே? இதோ போட்டுடறேன்."

"போடாத."

"போட்டாச்சு."

மேலே, தங்கையின் தலைக்குமேல், எண்ணெய் காணாத கைப்பிடி ஒன்று எழுந்தது. அந்த இயந்திரம் இரண்டு மாடி கீழே இருக்கிறது. கிறீச். மெதுவாக. ஆசிரியை பாய்ந்தாள். கைகள் பிடித்தன. கணுக்காலை. இடுப்பை. வாயை. சின்னச் சின்ன கைகள். சூடாக, வியர்த்து, போனின் வெளிச்சம் உள்ளங்கையில் ஒட்டியிருந்த கைகள்.

இறங்கியது.

பச்சை கிளிப் பெஞ்சுகளுக்கு அடியில் உருண்டு அவள் காலருகே வந்து நின்றது, கிளிப்போடு மற்றதும்.

கைகள் விட்டுவிட்டன. அவள் விழுந்த இடத்திலேயே கிடந்தாள். தரையில் தங்கையின் போன் வெளிச்சமாக இருந்தது. 'தீர்ப்பு நிறைவேறியது.' அதன் கீழே ஒரு மாணவன் கேட்டிருந்தான்: 'அட்டெண்டன்ஸ் விழுந்துச்சா மேடம்?'

கடைசி பெஞ்சில் உடம்பு இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. பின்னல் இல்லாத அந்தத் தோளிலிருந்து வலது கை மெல்ல எழுந்தது, பெயர் கூப்பிட்டதும் தூக்குவார்களே, அப்படி. தூக்கியது தூக்கியபடியே நின்றது.