மாறிப்போன பைன் கிளை

ஆகஸ்ட் மாதத்தில் கியோட்டோவுக்கு வெளியூர்க்காரர்கள் கோயில் பார்க்க வருவார்கள். செத்தவர்கள் தங்கள் வீட்டைப் பார்க்க வருவார்கள். இருபது வருடமாக இங்கே பேருந்து ஓட்டும் எனக்கு முதல் கூட்டத்தோடுதான் பழக்கம். இந்த வருடம் இரண்டாவது கூட்டத்திலும் ஆள் இருந்தது. எங்கள் மகள் ஷிஹோ. ஆறு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள்.

அவள் போனபின் வரும் முதல் ஆகஸ்ட். மனைவி மசாயே என்னை, செத்தவர்களைக் கூப்பிடும் மணிக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். மதிய வெயில் மண்டையைப் பிளந்தது. வாசலில் பைன் கிளை வாங்கி, கயிற்றை இழுத்து மணியடித்தோம். சத்தம் கேட்டு வரும் உயிர் அந்தக் கிளையில் உட்கார்ந்துகொள்ளும். வழியில் எங்கும் நுழையாமல் நேரே வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. நாக்கு வறண்டுபோச்சு, ஐந்தே நிமிடம் என்று அவளை ஐஸ் கடைக்குள் தள்ளிக்கொண்டு போனேன். வாசலில் இருந்த வாளியில் ஏற்கெனவே ஒரு கிளை நின்றது. எங்களுடையதையும் அதில் வைத்தேன். திரும்பும்போது ஒன்றுதான் மிச்சம். யோசிக்காமல் எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் கிளையைப் பூஜை மாடத்தில் வைத்து, சோறும் ஷிஹோவுக்குப் பிடித்த இனிப்பு ஆம்லெட்டும் படைத்தோம். மசாயே சிரித்துப் பத்து மாதமாகியிருந்தது. அன்று சிரித்தாள்.

சாயங்காலம் அறைக்குள் புகையிலை வாடை வந்தது. எங்கள் வீட்டில் யாரும் புகைப்பதில்லை.

பிறகு இருமல்.

கனத்த, கிழட்டு இருமல்.

மாடத்தின் முன்னால் போட்டிருந்த சின்ன மெத்தை, பெரிய ஆள் உட்கார்ந்த மாதிரி அமுங்கியிருந்தது. ஆம்லெட் அப்படியே இருந்தது. சோற்றுக் கிண்ணம் மட்டும் காலி.

மசாயே என் காதருகே வந்தாள். "இது நம்ம பொண்ணு இல்லைங்க."

மறுநாள் ஐஸ் கடைக்கு ஓடினேன். காலையிலேயே ஒரு அம்மா வந்து கிளை மாறிப்போனதைச் சொல்லிவிட்டுப் போனதாகக் கடைக்காரர் சொன்னார். பேரும் விலாசமும் சொல்லவில்லையாம்.

"திருப்பித் தர்றேன்னாங்களா?"

"இல்லைங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "செத்துப்போன வீட்டுக்காரர் அந்தம்மாவை நாப்பது வருஷம் அடிச்சாராம். இப்ப வீட்டுக்குள்ள ஒரு குழந்தை ஓடுதாம். நல்லா சாப்பிடுது, கவலைப்படாதீங்கன்னு சொல்லச் சொன்னாங்க."

நடைபாதையில் நின்று அழுதேன். ஒரு கிண்ணம் ஐஸுக்காகப் பெற்ற மகளை யார் வீட்டிலோ விட்டுவிட்டேன்.

பதினாறாம் தேதி வழக்கம்போல மலையில் நெருப்பு மூட்டினார்கள். வந்த உயிர்கள் அந்த வெளிச்சத்தில் திரும்பிப் போகிற நாள். கிழவரை வழியனுப்ப எழுந்தேன். மசாயே என் கையைப் பிடித்தாள்.

"வேண்டாங்க. அந்தம்மா அவளை அனுப்ப மாட்டாங்க. நாம இவருக்குச் சோறு போட்டாத்தான் அங்க அவளுக்கும் போடுவாங்க."

வெளிச்சம் உள்ளே வராமல் ஜன்னலைச் சாத்திவிட்டோம்.

இப்போது அக்டோபர். வாடை இன்னும் போகவில்லை. மூன்று வேளையும் மசாயேதான் பரிமாறுகிறாள்.

இன்று காலை அவள் கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தன.

"சோறு கொஞ்சம் ஆறிடுச்சுங்க" என்றாள்.

மறுபடியும் அரிசி களையப் போனாள்.