உள் டயரின் காற்று

மே மாதம் பதினான்காம் தேதி, காலை 10.50. அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் சாலையோரப் புளியமரத்தில் ஒரு வேன் மோதி நின்றிருந்தது. கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து வீடாக மாற்றிய வேன். பின்பக்க இடதுபுறம் ஜோடியாக இருந்த இரண்டு சக்கரங்களில் உள் டயர் வெடித்துக் கிழிந்திருந்தது. ஓட்டி வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் அடைக்கலசாமியைத் தொடை எலும்பு முறிந்த நிலையில் அரியலூர் மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

"முந்தாநாள் இதே டயருக்குத்தான் பஞ்சர் ஒட்டியிருக்கு மேடம்," என்றார் ஏட்டு அறிவரசன். "அவரு ஊரு ஏலாக்குறிச்சியில, ரஞ்சித்குமார் கடையில. ஊர்க்காரங்க அவன அடிக்கவே போயிட்டாங்க. ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டோம்."

எஸ்.ஐ. வெற்றிச்செல்வி சக்கரத்தைக் கழற்றிக் கொண்டுவரச் சொன்னார்.

12.15. மருத்துவமனை வராந்தா. அடைக்கலசாமியின் ஒரே மகள் சுபா அழுது முடித்திருந்தாள். மஸ்கட்டில் நர்ஸ் வேலை. ஏழு வருடத்தில் இரண்டாவது முறையாக, பதினைந்து நாள் லீவில் வந்திருந்தாள்.

"நீங்க வந்து எத்தன நாள் ஆவுது?"

"ஆறு நாளுங்க."

"மக வந்திருக்கறப்ப அப்பா ஏன் கெளம்பினாரு?"

"அம்மா எறந்ததுக்கப்புறம் அவரால அந்த வூட்டுல தங்க முடியல. வேன்லயே எங்கயாவது போயிக்கிட்டு இருப்பாரு. கொல்லிமலைக்குன்னு கெளம்பினாரு."

"வண்டி எப்படி இருந்துச்சு?"

"கெளம்புறப்ப பின்னாடி போயிப் பாத்தேன். டயரெல்லாம் நல்லாதான் இருந்துச்சு."

"வண்டியப் பத்தித் தெரியுமா?"

"சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதுங்க."

12.40. அடைக்கலசாமிக்கு நினைவு தெளிவாக இருந்தது.

"நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு நானே மீட்டர் வச்சுப் பாத்தேன். ஆறு டயர்லயும் காத்து சரியா இருந்துச்சு. கேட்டப் பூட்டிட்டுப் படுத்தேன். காலையில டயர கண்ணால பாத்ததோட சரி."

2.30. காவல் நிலைய முற்றம். டயர் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆணியோ கல்லோ குத்திய தடம் இல்லை. வேனில் பாரமும் அதிகமில்லை. கிழிந்த டியூபில் ரஞ்சித்குமார் ஒட்டிய ஒட்டு அப்படியே இருந்தது. வால்வைச் சோதித்தார்கள், கசியவில்லை. ஆனால் டயரின் உள்பக்கச் சுவர் சுற்றிலும் தேய்ந்து, ரப்பர் கருந்தூளாக உதிர்ந்தது.

வெற்றிச்செல்வி அந்தத் தூளை விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

3.20. அடைக்கலசாமியின் கட்டிலருகே சுபா உட்கார்ந்திருந்தாள்.

"ரஞ்சித்குமார் மேல தப்பில்ல," என்றார் வெற்றிச்செல்வி. "காத்து கம்மியான டயர் ஓட ஓட மடங்கிச் சூடேறும். இந்த வெயில்ல நாப்பது கிலோமீட்டர் ஓடி வெடிச்சிருக்கு. தானா காத்து எறங்க வழியில்ல. யாரோ எறக்கிவிட்டிருக்காங்க. பூட்டின கேட்டுக்குள்ள நீங்க ரெண்டு பேருதான்."

அடைக்கலசாமி மகளைப் பார்த்தார்.

"அப்பாவ வழியனுப்ப வந்தவங்க அவரு மொகத்தப் பாக்காம டயர ஏன் பாத்தீங்க சுபா? வண்டியப் பத்தி ஒண்ணும் தெரியாதுன்னு வேற சொன்னீங்க."

சுபா வெற்றிச்செல்வியின் பக்கம் திரும்பினாள்.

"ராத்திரி அப்பா தூங்குனப்புறம், கைக்கு எட்டுன வால்வ அமுக்கிப் பாதிக் காத்த எறக்கினேன். காலையில வண்டி சாஞ்சிருக்கும், ஒரு நாளாவது இருப்பாருன்னு நெனச்சேன். ஆனா சாயவே இல்ல. அதான் ஒண்ணும் ஆவலன்னு விட்டுட்டேன்."

"உள் டயரோட வால்வுக் குழாய் நீளமா வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும். அதத்தான் அமுக்கியிருக்கீங்க. பக்கத்து டயர் பாரத்தத் தாங்கிக்கிட்டதால வெளிய தெரியல. சரி, ரஞ்சித்குமாரப் புடிச்சிட்டுப் போனப்பவாவது வாயத் தொறந்திருக்கலாமில்ல?"



"இருங்கப்பான்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே பாப்பா," என்றார் அடைக்கலசாமி.

"ஏழு வருஷமா போன்ல அதத்தானேப்பா கேக்கறேன். நான் வந்தா வூட்டுல இருங்கன்னு. சரி சரிங்கறீங்க, கெளம்பிடறீங்க."



வெற்றிச்செல்வி போனில் ரஞ்சித்குமாரை விடச் சொன்னார். பிறகு சுபாவிடம், ஊர்க்காரர்கள் முன்னால் அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். சுபா தலையசைத்து, வாக்குமூலம் கொடுக்க எழுந்தாள்.

"மேடம்," என்று அடைக்கலசாமி கூப்பிட்டார். "கேஸுன்னா பாஸ்போர்ட்ட வாங்கி வச்சுக்குவீங்களா? அவ போக முடியாதா?"

அவர் பயந்து கேட்கிறாரா, ஆசைப்பட்டுக் கேட்கிறாரா என்று வெற்றிச்செல்விக்குப் புரியவில்லை. சுபாவுக்குப் புரிந்தது. அவள் திரும்ப வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.