உதட்டில் விழுந்த வெடிப்பு

படத்தை மாட்டி, மட்டம் பார்த்துவிட்டு ஏணியிலிருந்து இறங்கியபோதுதான் அவள் அதைக் கவனித்தாள். படத்திலிருந்த அக்காவின் கீழுதட்டில் மயிரிழை அளவுக்கு ஒரு வெடிப்பு. எண்ணெய் வண்ணம் வெடிக்க வருஷக்கணக்காகும். இதை வரைந்து எட்டே மாதம். கன்னம், கழுத்து, நாற்காலி, ஜன்னல் எல்லாம் நேற்றுப் பூசியதுபோல் பளபளத்தன. உதடு மட்டும் காய்ந்து கிடந்தது.

ஓவியக் கல்லூரியின் கடைசி ஆண்டுக் கண்காட்சி நாலு மணிக்குத் திறக்கிறது. இன்னும் ஒரு மணி நேரம்தான். கூடம் முழுக்கப் புது வெள்ளையடிப்பின் வாசமும் டர்பன்டைன் நெடியும். பக்கத்து அறையில் ஆணி அடிக்கிற சத்தம், மேசையை இழுக்கிற சத்தம், அதற்கெல்லாம் அடியில், வறண்ட தொண்டையில் யாரோ எச்சில் கூட்டி விழுங்குவதுபோல் ஒரு சின்னச் சத்தம். திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் யாரும் இல்லை.

வண்ணம் உள்வாங்கி மங்கிவிட்டால் ஆளிவிதை எண்ணெயைத் தொட்டுத் தடவுவது வழக்கம். தடவினாள். உதடு மினுங்கியது. தூரிகையைத் துடைத்துவிட்டு நிமிர்வதற்குள் மறுபடியும் காய்ந்து, வெடிப்பு இரண்டாகியிருந்தது.

"என்ன, அக்காவுக்கு லிப்ஸ்டிக் போட்டு விடுறியா?" என்றான், எதிர்ச் சுவரில் தன் படங்களை மாட்டிக்கொண்டிருந்த தாடிக்காரன். "விடு. முதல் பரிசு உனக்குத்தான்னு இப்பவே பேசிக்கிறாங்க. செத்தவங்க படத்துக்கு மார்க்கைக் குறைக்க யாருக்கு மனசு வரும்?"

சுருக்கென்று தைத்தது. ஆனால் அவன் சொன்னதில் பொய் எங்கே இருக்கிறது?

படம் வரைந்த அன்று, நோயில் இளைத்த அக்காவை அவள்தான் ஜன்னலோரம் உட்காரவைத்தாள். அம்மா மருந்து வாங்கப் போயிருந்தாள். சாயங்கால வெயில் அக்காவின் முகத்தில் சரிந்து விழுந்தது. அந்தப் பாழாய்ப்போன வெளிச்சம் அவ்வளவு அழகாக இருந்தது.

"தண்ணி குடுடி."

"ரெண்டே நிமிஷம்க்கா. அசையாத. வெளிச்சம் போயிடும்."

அக்கா மூன்று தடவை கேட்டாள். நான்காவது தடவை கேட்கவில்லை. உதடு அசையாமல் இருந்தது வசதியாகப் போயிற்று, வரைந்து முடித்தாள். தூரிகையை வைத்துவிட்டுத் தொட்டபோது அக்காவின் கை ஜில்லென்றிருந்தது.

"தூங்கிட்டே போயிட்டாம்மா. ஒண்ணுமே கேக்கல" என்றுதான் அம்மாவிடம் சொன்னாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா எட்டு மாதமாகச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். அது பொய் என்று மட்டும் அம்மாவுக்குத் தெரிந்துவிடக் கூடாது.

மறுபடி தடவினாள். மறுபடி காய்ந்தது. முக்கால் புட்டி எண்ணெய் போன இடம் தெரியவில்லை. கடைசித் தடவை தூரிகையின் நுனியை ஏதோ பற்றியது. மெதுவாக. பச்சைக் குழந்தை சப்புவதுபோல. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

படத்தைக் கழற்றிவிட வேண்டும். அவள் ஏணிக்கு ஓடினாள். அதற்குள் கதவைத் திறந்துவிட்டார்கள்.

கூட்டம். செருப்புச் சத்தம். நடுவர்கள். அவர்களுக்குப் பின்னால் அம்மா.

அம்மா யாரையும் பார்க்கவில்லை. நேராகப் படத்தின் முன்னால் போய் நின்றாள். தலையைச் சாய்த்து, காதை அக்காவின் முகத்தருகே கொண்டுபோனாள்.

"அம்மா, தொடக் கூடாதும்மா. வாங்க, அந்தப் பக்கம் போலாம்."

அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். மெல்லத் தலையாட்டினாள். பிறகு திரும்பினாள்.

"எத்தனை தடவைடி கேட்டா?"

அவள் எண்ணெய்ப் புட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

அம்மா பைக்குள்ளிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, படத்திலிருந்த உதட்டோடு சேர்த்துச் சாய்த்தாள். நடுவர்களின் பேச்சு நின்றது. பாட்டிலில் தண்ணீர் இறங்கியது. பாதி. கால். தரையில் ஒரு சொட்டு விழவில்லை.

"மெதுவா குடி கண்ணு. புரை ஏறிடும்."

அவள் வரைந்த கழுத்து ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.